விட்ட கேள்விகள் நாற்பத்தொன்று

இரண்டு பேனரிலும் இருப்பது ஒரே பெண்தான். நேற்று சாயங்காலம் தில்லைநகரில் என் கணவன் ரெக்ஸ் பால் பாக்கெட் வாங்க பைக்கை நிறுத்தினபோது பார்த்தேன். மேரு அகாடமி பேனரில் கண்ணாடி போட்டிருக்கிறாள், எதிர்ச்சாரியில் ஸ்டெத் பாயிண்ட் பேனரில் கண்ணாடி இல்லை, பொட்டு மட்டும் பெரிதாக இருக்கிறது. ஆனால் இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இரண்டிலும் உண்டு. கண்ணாடியைக் கழற்றத் தெரிந்தவர்களுக்குத் தழும்பைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை. இந்தப் பெண் எந்த நீட் கோச்சிங் சென்டரில் படித்து மெடிக்கல் சீட் வாங்கினாள்? இரண்டு இடத்திலுமா, ஒன்றிலுமே இல்லையா, ஒருவேளை வீட்டிலேயே படித்தவளைப் பிடித்துப் போய் ஒரு சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்களா? ஒரே ரத்தத்தை இரண்டு டியூபில் ஊற்றி இரண்டு பெயர் ஒட்டினால் எங்கள் லேபில் மெமோ கொடுப்பார்கள். வெளியே அதற்கு பேனர் வைக்கிறார்கள். இதை ரெக்ஸிடம் சொன்னபோது அவன் பேனரைப் பார்க்கவே இல்லை, உனக்கு மட்டும் எப்படித்தான் இதெல்லாம் கண்ணில் படுகிறதோ என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். அவன் ஏன் பார்க்கவில்லை என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

எங்கே சேரப்போகிறேன் என்று இன்று காலை பத்து மணிக்குள் நான் சொல்லியாக வேண்டும். மணி ஆறு நாற்பது. சென்ட்ரிஃபியூஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது சுற்றி நிற்கப் பத்து நிமிடம் ஆகும். புத்தூரில் இந்த லேபில் காலை ஷிப்ட் எனக்கு ஐந்து வருஷமாக. ஆறு மணிக்கு வந்து மெஷினை எழுப்பி, வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கன்ட்ரோல் ஓட்டுவேன். கன்ட்ரோல் என்றால் விடை முன்கூட்டியே தெரிந்த ரத்தம். மெஷின் அதற்குச் சரியான எண் சொன்னால்தான் மற்றவர்களின் ரத்தத்தை அதனிடம் கொடுக்கலாம். தினமும் காலையில் மெஷினையே சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், அதில் நான் கெட்டிக்காரி, ஆஸ்பத்திரிக்காரர்கள் ஜெசிந்தா பார்த்தாளா என்று கேட்டுவிட்டுத்தான் ரிப்போர்ட்டை நம்புவார்கள். ஆனால் இருபத்தேழு வயதில் மறுபடியும் நீட் எழுதப் போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்கு இவ்வளவு அன்பாக ஏன் மாறினார்கள்? லேபின் டாக்டரம்மா தானாகவே கூப்பிட்டு, சனி ஞாயிறு ஆஃப் தருகிறேன், வார இறுதி பேட்சில் சேர்ந்துகொள், வேலையை விடாதே என்றார். ஐந்து வருஷத்தில் மாதா கோயில் திருவிழாவுக்கு அரை நாள் கேட்டால் முகம் சுளித்தவர். ஆறு மணிக்கு வந்து மெஷினை எழுப்ப வேறு ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். நான் ஒவ்வொரு வருஷமும் எழுதி ஒவ்வொரு வருஷமும் இங்கேயே இருக்க வேண்டும், அதற்கு வார இறுதி பேட்ச்தான் சரியான மருந்து. மேருவிலிருந்து கூப்பிடும் ஸ்வேதா இன்னொரு பக்கம். அவள் குரலில் எப்போதும் பின்னால் இன்னும் பத்துக் குரல்கள் கேட்கும், எல்லாக் குரலும் மேடம் மேடம் என்னும். முழுநேர பேட்ச், காலை எட்டு முதல் ஆறு வரை, வேலையை விட்டுவிட்டு வந்தால் சீட் நிச்சயம், இடம் இரண்டுதான் பாக்கி, நாளைக் காலை பத்து மணியோடு அட்மிஷன் முடிகிறது என்று நேற்றுச் சொன்னாள். போன வியாழக்கிழமையும் இரண்டு இடம்தான் பாக்கியிருந்தது. ஒரு வாரத்தில் யாருமே சேராத இடத்தில் அட்மிஷன் எப்படி முடியும் என்று கேட்டேன், மேடம் நீங்க டாக்டராயிடுவீங்க மேடம் என்றாள்.

ரெக்ஸ் கதையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான், எதையும் கழற்றி மாட்டிச் சரி செய்துவிடலாம் என்று நினைக்கிறவன். வேலையை விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான், ஊற்றுவதை நிறுத்தவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மனிதன் ரசம் ஊற்றிக்கொண்டே சொல்வானா? ஒன்று அவன் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும், இல்லை யோசிக்காமலே சொல்லியிருக்க வேண்டும். முன்கூட்டி யோசித்தான் என்றால் யாரோடு யோசித்தான், அவன் அம்மாவோடா? விட்டுவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்து எழுதித் தோற்றால் இந்தப் பேச்சு அடங்கிவிடும், அப்புறம் ஒரு குழந்தை, அப்புறம் யாராவது கேட்டால் அவளும் ஆசைப்பட்டாள், நாங்களும் தடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தோற்க வைப்பதற்குத் தடுக்கவே வேண்டாம், நன்றாக வழிவிட்டாலே போதும். இப்படி நினைப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். பாவம் என்றதும் பாவசங்கீர்த்தனம் ஞாபகம் வருகிறது. எட்டு வயதில் கோயிலில் முழங்காலில் நின்று, மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியாருக்கு என் குரல் தெரிந்துவிடும், அவர் அம்மாவிடம் சொல்லிவிடுவார் என்று, செய்த பாவத்தை விட்டுவிட்டுச் செய்யாத பாவமாக நாலு சொல்லிவிட்டு வந்தேன். அவர் செய்யாத பாவத்துக்குப் பரிகாரம் கொடுத்தார், அதையும் ஒழுங்காகச் செய்தேன். அம்மா ராத்திரி கேஸை மூன்று முறை மூடுவாள், மூடிவிட்டு என்னைப் போய்ப் பார்க்கச் சொல்வாள், நான் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நீ சரியாகப் பார்த்தாயா என்று தானே போய்ப் பார்ப்பாள். எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

சென்ட்ரிஃபியூஜ் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து டியூப்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். கீழே சிவப்பு, மேலே தெளிந்த சீரம், அது இளமஞ்சளாக இருக்க வேண்டும், ரோஸ் நிறமாக இருந்தால் ரத்தம் உடைந்துவிட்டது என்று அர்த்தம், அந்த எண்ணை நம்பக்கூடாது. ஒன்றும் ரோஸாக இல்லை. எல்லாவற்றையும் மெஷினில் வைத்தேன். போன வருஷம் பரீட்சை ஹாலிலும் இப்படித்தான் ஒவ்வொரு கேள்வியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நூற்றெண்பது கேள்வி. சரியான விடைக்கு நாலு மதிப்பெண், தப்பான விடைக்கு ஒன்று போய்விடும், எழுதாமல் விட்டால் ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டால் ஒன்றும் இல்லை என்ற அந்த வரி எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது. ஒரு தடவை வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டால் அழிக்க முடியாது. விடை தெரியும், ஆனால் இவ்வளவு சுலபமாகவா கேட்பார்கள், இதில் ஏதோ இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம், அடுத்தது. அடுத்ததும் அப்புறம். மணி அடித்தபோது நாற்பத்தொரு வட்டம் வெள்ளையாக இருந்தது. முந்நூற்று எழுபத்தாறு மதிப்பெண். விடைக்குறிப்பு வெளியானதும் சமையலறையில் உட்கார்ந்து அந்த நாற்பத்தொன்றை மட்டும் தனியே பார்த்தேன், முதலில் மனதில் தோன்றின விடையே போட்டிருந்தால் என்னவாகும் என்று. முப்பத்துநாலு சரி, ஏழு தப்பு. ஐந்நூற்றைந்து வந்திருக்கும், என் பிரிவில் ஏதோ ஒரு அரசுக் கல்லூரியில் ஏதோ ஒரு பெஞ்சில் இந்நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கணக்கை யாருக்கும் காட்டவில்லை, ரெக்ஸ் கேட்டதற்குப் பாடம் போதவில்லை என்றேன். பாடம் போதவில்லை என்று சொல்வது எவ்வளவு கௌரவமாக இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போடாமலேயே கண்டுபிடித்தவள் யாஸ்மின். அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. என்னைவிட மூன்று வயது சின்னவள், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை வேலைக்குப் போகிறவர்களுக்கென்று நீட் வகுப்பு எடுக்கிறாள். ஒன்பது பேர் படிக்கிறார்கள், ஒரு நர்ஸ், ஒரு மெடிக்கல் ஷாப்காரர், இரண்டு பேர் டீச்சர். பேனர் கிடையாது, யார் படமும் கிடையாது. ஏன் கிடையாது? நன்றாக நடத்துகிறவள் என்றால் யாராவது ஒருத்தர் படத்தையாவது வைக்க மாட்டாளா? முன்பணம் வேண்டாம், ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள் என்றாள், அதுவும் சந்தேகத்துக்கு இடமானது, வேண்டாம் என்று சொல்கிறவர்கள்தான் அப்புறம் நிறையக் கேட்பார்கள். போன சனிக்கிழமை ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். இருபது கேள்வி கொடுத்தாள். அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள், எதையும் விடக்கூடாது, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், நிமிடம் முடிந்ததும் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவாள், தட்டினதும் எதையாவது கறுப்பாக்கிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். எல்லோரும் கறுப்பாக்கினார்கள். நான் ஆறு விட்டிருந்தேன். என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், சொன்னாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இதுல இல்ல. தெரியுங்கிறதை நீங்க நம்ப மாட்டேங்கிறீங்க, அவ்வளவுதான்."

டீச்சர் மாணவியை அக்கா என்று கூப்பிடுவதே கேலியாக இருந்தது, அதில் இதுவும். ஒரு மணி நேரத்தில் ஒருத்தியைப் பார்த்து இப்படிச் சொல்ல முடியுமா? வருகிற எல்லோரிடமும் இதையே சொல்வாளாயிருக்கும், கைரேகை பார்க்கிறவன் உங்களுக்கு இளகின மனசு என்று எல்லோரிடமும் சொல்வதில்லையா. அவள் போன் நம்பரை எழுதிக் கொடுத்த நோட்டுச் சீட்டை வீட்டுக்கு வந்ததும் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். கிழிப்பதற்கு முன்னால் அந்த நம்பரை இரண்டு தடவை படித்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போகப் பிடிக்காத ஒரு வகுப்பின் நம்பரை எதற்குப் படிக்க வேண்டும்?

தண்ணீர் குடிக்கலாம் என்று பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் மேருவின் பளபளப்பு விளம்பரத் தாளும் ஸ்டெத் பாயிண்ட் தாளும் இருந்தன, நான் வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே அந்தச் சீட்டு. நாலு துண்டும் சேர்த்துப் பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டி, ஒரு எண்ணும் தப்பாமல் விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஒர்க்‌ஷாப்காரன் வேலை என்று பார்த்தாலே தெரிகிறது. ஒரு மூலையில் டீத்தூள் கறை இருந்தது. அப்படியென்றால் குப்பைக் கூடையைக் கிளறியிருக்கிறான். எப்போது? நான் என்ன கிழிக்கிறேன், என்ன போடுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறானா? எதற்கு ஒன்றும் சொல்லாமல் வைத்தான்? காலையில் என்னை வாசலில் இறக்கிவிட்டபோது பையைக் கையில் கொடுத்து, சாப்பிட்டுடு என்று மட்டும்தான் சொன்னான். ஒன்று, இந்த மூன்றில் எதை எடுத்தாலும் சரி என்கிறான். இல்லையென்றால், எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள், என்னை இழுக்காதே என்கிறான். அல்லது வேலையை விட்டுவிடு என்று சொன்னது வாய்வார்த்தைக்கு, வேலையும் போகாமல் படிக்கிற மாதிரி ஒரு சாயங்கால வகுப்பு இருக்கிறதே என்று சீட்டை ஒட்டி நினைவுபடுத்துகிறான். மூன்று விளக்கமும் பொருந்துகிறது. எல்லாம் பொருந்தும்போது நான் எப்போதும் மோசமானதைத்தான் எடுத்துக்கொள்வேன், அது பொய்யானால் நஷ்டமில்லை என்று. நஷ்டமில்லை என்று யார் சொன்னது என்பதை நான் யோசித்ததே இல்லை.

மெஷின் கீச்சென்றது. அது கீச்சென்றால் ஏதோ ஒரு எண் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். பழனியாண்டி, அறுபத்தொரு வயது, உறையூர், வீட்டுக்குப் போய் எடுத்த ரத்தம். பொட்டாசியம் ஏழு புள்ளி எட்டு. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. ஏழைத் தாண்டினால் எந்த நேரமும் இதயம் நின்றுபோகலாம், காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே. மெஷின் மூலையில் நேரம் காட்டுகிறது, 7.12. எனக்கு முதலில் தோன்றியது இது நிஜம் என்பதுதான். ஒரு நொடிதான் தோன்றியது. உடனே சிவநேசன் அண்ணன் முகம் வந்துவிட்டது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர், இருபது வருஷ அனுபவம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தப்புப் பண்ணினார். மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டார், மறுபடி ஊசி குத்தினால் ரத்தம் கொடுத்த பாட்டிக்கு வலிக்குமே என்று. ஊதா டியூபில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு உப்பு இருக்கும், அதில் முழுக்கப் பொட்டாசியம், அது சேர்ந்தால் உயிரோடு இருக்கிறவர் செத்துப்போனவர் மாதிரி எண் காட்டுவார். அன்றைக்கு நான்தான் பிடித்தேன். அதிலிருந்து தினமும் காலையில் அவர் பெட்டியைத் திறக்கும்போது, அண்ணே, ஊதாவா மஞ்சளா, என்று கேட்பேன். விளையாட்டாகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவர் சிரித்து ஒரு வருஷமாகிறது. இன்றும் அதே தப்புதான், வேறென்ன. போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டியை இங்கே வைத்துவிட்டு ஸ்ரீரங்கம் கிளம்பிப் போயிருந்தார், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். எடுக்கவில்லை என்றதும் ஏன் எடுக்கவில்லை என்று ஆரம்பித்துவிட்டது.

ஊதா உப்புக் கலந்தால் பொட்டாசியம் ஏறும், கூடவே கால்சியம் படுத்துவிடும். அதனால் அதே சீரத்தில் கால்சியம் போட்டுப் பார்த்தேன், டாக்டர் கேட்காத டெஸ்ட், என் திருப்திக்கு. 7.24க்கு வந்தது, எட்டு புள்ளி ஒன்பது, சாதாரணம். அப்படியென்றால் கலக்கவில்லை. சீரத்தை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், இளமஞ்சள், உடையவில்லை. இரண்டு சாட்சியும் எண் நிஜம் என்கின்றன, இப்போது ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டியதுதான். ஆனால் பெட்டியில் ஐஸ் பேக் வைக்கிறாரே, ரத்தம் அதிகக் குளிர்ச்சியில் கிடந்தால் நிறம் மாறாமலேயே பொட்டாசியம் ஏறும் என்று படித்திருக்கிறேன், அதற்கு மணிக்கணக்கில் கிடக்க வேண்டும், பெட்டியில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை, இருந்தாலும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி விரலை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லியிருப்பார், அதிலும் கொஞ்சம் ஏறும், இவ்வளவு ஏறாது, இருந்தாலும். மறுபடி ஓட்டினேன். 7.33, ஏழு புள்ளி ஏழு. மெஷினே கெட்டிருந்தால்? காலையில் கன்ட்ரோல் சரியாகத்தானே வந்தது, வந்தது, ஆனால் அது ஆறு மணிக்கு. கன்ட்ரோலை மறுபடி வைத்தேன். தப்பாகச் சொல்லி ஒரு குடும்பத்தையே ஆட்டோவில் ஏற்றி அலற வைத்து, போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றால் ஜெசிந்தா பார்த்தாளா என்று இனிமேல் யார் கேட்பார்கள்? ஒரு தடவை கறுப்பாக்கினால் அழிக்க முடியாது. கன்ட்ரோல் ஓடிக்கொண்டிருக்க, யாஸ்மின் மேஜையைத் தட்டின சத்தம் ஏனோ காதில் கேட்டது, இங்கே யாரும் தட்டவில்லை, வெளியே வரிசையில் இருந்த ஒருவர் டோக்கனை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கன்ட்ரோல் சரியாக வந்தது. மெஷினும் சரி, சீரமும் சரி, கால்சியமும் சரி, இன்னும் எதைச் சந்தேகப்படலாம் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன், நிஜமாகவே தேடிக்கொண்டிருக்கிறேன். 7.48க்கு சிவநேசன் அண்ணன் திருப்பிக் கூப்பிட்டார். நான் கேட்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மூடியத் தொடவே இல்ல ஜெசி. என்னைய நம்பாட்டிப் போ. அந்தாளு சட்டைக் கைய மடிச்சுவிட முடியாம பொண்டாட்டிய மடிச்சுவிடச் சொன்னாரு. ரெண்டு நாளா கை கால் தூக்க வரலைங்கிறாரு. அதுக்கு நீ என்ன சொல்ற?"

பொட்டாசியம் ஏறினால் முதலில் தசைதான் தளரும், இது பரீட்சையில் வந்த கேள்வி, நான் விட்ட நாற்பத்தொன்றில் ஒன்று.

7.51க்கு, அவருக்கு டெஸ்ட் எழுதிக் கொடுத்த உறையூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த குரலில் ஒரு டூட்டி டாக்டர், என்னைவிடச் சின்னவளாயிருப்பாள். பெயர், வயது, எண் எல்லாம் சொன்னேன். ரத்தம் உடையவில்லையே, கலப்படம் இல்லையே என்று சரியாகக் கேட்டாள், அவளும் சந்தேகப்படுகிறவள்தான், ஆனால் இரண்டே கேள்வியில் முடித்துக்கொண்டாள். மூன்றாவதாக நிச்சயமாகச் சொல்கிறீர்களா என்றாள். நிச்சயம் என்றேன். அந்தச் சொல்லை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று நினைவில்லை, கோயிலில் கல்யாணத்தன்று சாமியார் கேட்டதற்குக்கூட ம் என்றுதான் சொன்னேன்.

அப்புறம் ஐம்பது நிமிடம். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று எண்கள் வந்துகொண்டே இருந்தன, கை வேலை செய்துகொண்டே இருந்தது, நான் உறையூரில் இருந்தேன். பழனியாண்டி எப்படி இருப்பார் என்று தெரியாது, தடித்த விரல், நெசவுக்காரராக இருக்கலாம், சட்டைக் கையை மனைவி மடித்துவிடுகிறாள். ஆட்டோ வந்திருக்குமா, அந்த டாக்டர் நிஜமாகவே வீட்டுக்குப் போன் போட்டிருப்பாளா, இல்லை ஷிப்ட் மாறுகிற நேரம் என்று அடுத்தவளிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பாளா? இரண்டு தடவை போனை எடுத்து வைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. பரீட்சைத்தாளில் விட்டதெல்லாம் என்னோடு போனது, என் ஒரு வருஷம், என் ஒரு பெஞ்சு. இதை நான் விட்டது இன்னொருவர் கணக்கில். டாக்டராகி உட்கார்ந்தாலும் நான் இப்படியேதான் இருப்பேனோ, ஆள் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, கன்ட்ரோல் ஓட்டுகிறேன் பேர்வழி என்று? எந்த அகாடமி நல்லது என்று நாலு மாதமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இந்த நாலு மாதத்தில் ஒரு பாடமாவது படித்தேனா? பேனரில் தழும்பைக் கண்டுபிடித்தேன். எல்லோரும் என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். வட்டத்தை மட்டும் கறுப்பாக்கவில்லை.

8.41க்கு அந்த டூட்டி டாக்டரே கூப்பிட்டாள். குரலில் தூக்கம் போயிருந்தது. கூட்டிவந்துவிட்டார்கள், ஈ.சி.ஜி. மோசமாக இருந்தது, ஊசி போட்டாச்சு, இப்போது பரவாயில்லை, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்றாள். நல்லவேளை சொன்னீங்க என்றாள். அப்புறம் கேஸ் ஷீட்டில் எழுதுவதற்காக, ரொம்பச் சாதாரணமாக, ஒன்று கேட்டாள்.

"ரிசல்ட் எத்தன மணிக்கு வந்துச்சு?"

எங்கள் லேபில் ஆபத்தான எண் வந்தால் எழுத ஒரு தனி நோட்டு உண்டு. தெரிந்த நேரம் ஒரு கட்டம், சொன்ன நேரம் ஒரு கட்டம். ஐந்து வருஷமாக அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து நான் சிரிப்பதுண்டு, யார் எழுதினாலும் இரண்டுக்கும் நடுவே சரியாக ஐந்து நிமிடம்தான் இருக்கும், உலகத்தில் இருக்கிற ஆபத்தெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லப்பட்டுவிட்ட மாதிரி. எல்லோரும் சொன்ன நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து ஐந்தைக் கழித்துத் தெரிந்த நேரத்தை எழுதுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது இன்று எனக்கும் தெரிந்தது, எவ்வளவு சுலபமாக 7.46 என்று வாயில் வந்து நிற்கிறது என்று. செய்த பாவத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லலாம், மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கும் குரல் தெரியாது.

"ஏழு பன்னெண்டுக்கு," என்றேன்.

அந்தப் பக்கம் பேனா நின்றது எனக்குக் கேட்டது. அவள் திட்டவில்லை. அடுத்த தடவை உடனே கூப்பிடுங்க, நாங்க இங்க மறுபடி பாத்துக்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நோட்டை எடுத்தேன். தெரிந்த நேரம் 7.12, சொன்ன நேரம் 7.51, கீழே என் கையெழுத்து. முந்தின பக்கங்களின் ஐந்து நிமிடங்களுக்குக் கீழே அந்த முப்பத்தொன்பது நிமிடம் அசிங்கமாகத் தெரிந்தது. மத்தியானம் டாக்டரம்மா பார்ப்பார், கேட்பார், கேட்கட்டும். சிவநேசன் அண்ணன் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டாவது பெட்டியோடு வந்து, என்னைப் பார்க்காமல் மேஜையில் வைத்தார். அந்தாளு பிழைச்சுட்டாருண்ணே என்றேன். தெரியும் என்று தலையை ஆட்டினார். வழக்கமாகக் கேட்கிற கேள்விக்காக அவர் காத்துக்கொண்டு நின்றார், நான் கேட்காமல் டியூப்களை எடுத்து அடுக்கினேன். சட்டென்று போய்விடாமல் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, டீ வாங்கிட்டு வரவா என்றார்.

ஒன்பதரைக்கு ஸ்வேதா கூப்பிட்டாள். மேடம், ஒரே ஒரு இடம்தான் மேடம். இன்னொருத்தருக்குக் கொடுத்துடுங்க என்றேன். அப்புறம் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். டேப் ஒட்டின இடத்தில் விரல் வழுக்கியது. நான் பார்க்காத நேரத்தில், ஈரக் குப்பையில் கையை விட்டு, டீத்தூளைத் துடைத்து, நாலு துண்டையும் வெளிச்சத்தில் பொருத்திப் பார்த்திருக்கிறான். இதற்கு நான் மூன்று விளக்கம் வைத்திருந்தேன், முதலில் தோன்றின விளக்கத்தை மட்டும் அந்த மூன்றில் சேர்க்கவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும், பையைத் திறந்த அந்த நொடியே தெரியும், நான் கிழித்தாலும் எனக்கு வேண்டியது இதுதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வந்தது, கையுறையைக் கழற்றாமல் கண்ணைத் துடைக்கக்கூடாது என்பதால் அப்படியே விட்டேன்.

யாஸ்மின் உடனே எடுத்தாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. ஜெசிந்தா பேசறேன், லேப்ல இருந்து, இன்னைக்கு சாயங்காலத்துலேர்ந்து வரேன் என்றேன்.

"நல்லா யோசிச்சிட்டீங்களாக்கா?"

"இல்ல. யோசிக்கல."

சரிக்கா, அஞ்சரைக்கு, பால்பாயிண்ட் கறுப்புப் பேனா கொண்டாங்க என்றாள். கொஞ்சம்கூட ஆச்சரியப்படாமல் சொன்னாள், ஏன் ஆச்சரியப்படவில்லை என்று தோன்றத்தான் செய்தது. தோன்றட்டும் என்று போனை வைத்துவிட்டு அடுத்த டியூபை எடுத்தேன்.